ஊளைக்குரங்கும் ரீங்காரச்சிட்டும்: ஆற்றல் செலவை வைத்து இரண்டையும் ஒப்பிடலாமா?

கானகவாசி எழுதியது:

உயிரினங்களின் ஆற்றல் செலவைப் பற்றி இங்கே பேச்சு வரும்போதெல்லாம் யானையும் எலியுமே எடுத்துக்காட்டாக வந்து நிற்கின்றன. இம்முறை வேறு இரண்டை முன்வைக்க விரும்புகிறேன். ஒன்று, தென் மெக்சிகோவிலிருந்து மத்திய அமெரிக்கா வழியாகத் தென் அமெரிக்காவின் வடமேற்கு ஓரம் வரை வாழும் போர்வை ஊளைக்குரங்கு. கரிய உடலும், விலாவில் தொங்கும் மஞ்சள் பழுப்பு முடியும், கிளையைப் பற்றிக்கொள்ளும் வாலும் கொண்டது. வளர்ந்த விலங்கு ஏறத்தாழ 7 கிலோ எடை இருக்கும். மற்றொன்று, வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில், குறிப்பாகக் கலிஃபோர்னியாவில், ஆண்டு முழுவதும் வாழும் அன்னா ரீங்காரச்சிட்டு. ஹம்மிங் பறவைகளில் இது நடுத்தர அளவுள்ளது என்றாலும் எடை நாலரை கிராம்தான்.

இவ்விரண்டையும் நான் விருப்பம்போல் சேர்க்கவில்லை. இரண்டின் அன்றாட ஆற்றல் செலவும் கூண்டில் அல்லாமல் காட்டில், ஒரே முறையில் அளக்கப்பட்டிருக்கிறது. இரு ஆய்வுகளிலும் கென்னத் நேகி என்ற அதே உடலியலாளர் பங்கேற்றிருக்கிறார். கேத்தரின் மில்டனுடன் சேர்ந்து பனாமாவின் பாரோ கொலராடோ தீவிலுள்ள ஊளைக்குரங்குகளை அளந்த ஆய்வை அவர் 1979இல் வெளியிட்டார். டொனால்ட் பவர்ஸுடன் சேர்ந்து அன்னா ரீங்காரச்சிட்டை அளந்த ஆய்வு 1988இல் வந்தது. முறையும் அழகானது. கன ஆக்சிஜனும் (அணு எடை கூடிய ஆக்சிஜன்) அடையாளமிட்ட ஹைட்ரஜனும் கொண்ட நீரை விலங்கின் உடலில் செலுத்தி, அதைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். ஹைட்ரஜன் உடலை விட்டு நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜனோ நீராகவும் மூச்சிலுள்ள கரியமில வாயுவாகவும் வெளியேறும். பிறகு மீண்டும் பிடித்து மாதிரி எடுத்து, இரண்டும் குறைந்த வேகத்தின் வேறுபாட்டைப் பார்த்தால், இடைப்பட்ட காலத்தில் அந்த விலங்கு எவ்வளவு கரியமில வாயுவை வெளியிட்டது என்பதும், அதிலிருந்து எவ்வளவு ஆற்றலைச் செலவழித்தது என்பதும் தெரிந்துவிடும்.

ஊளைக்குரங்கு ஒரு நாளில் ஒரு கிலோ உடல் எடைக்கு 355 கிலோஜூல் செலவிடுகிறது. அன்னா ரீங்காரச்சிட்டு ஒரு நாளில் மொத்தம் ஏறத்தாழ 32 கிலோஜூல் செலவிடுகிறது. அதை ஒரு கிலோவுக்கு மாற்றினால் 7,100 கிலோஜூலுக்குச் சற்று மேல் வருகிறது. அதாவது இருபது மடங்கு. வேறு விதமாகச் சொன்னால், 7 கிலோ எடையுள்ள ஒரு குரங்கின் ஒரு நாள் செலவும் 78 சிட்டுகளின் ஒரு நாள் செலவும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அந்த 78 சிட்டுகளையும் சேர்த்து நிறுத்தால் 350 கிராம்தான் தேறும்.

இந்த இருபது மடங்கு எங்கிருந்து வருகிறது என்பதே என் கேள்வி. என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிறகும் இதயமும் இரண்டாவதாகத்தான் வருகின்றன. உணவுக்கும் குடலுக்கும் இடையிலான கணக்கே இரண்டின் வாழ்க்கையையும் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் விரிவாக எழுத வேண்டும்.

மலைச்சாரல் எழுதியது:

கானகவாசி அவர்களின் எண்கள் சரியானவை. ஆனால் அவற்றைக் குடலிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு முன்னால் உடல் அளவுக்கு உரிய பங்கைக் கழித்துவிட வேண்டும். சிறிய விலங்கு ஒவ்வொரு கிராமுக்கும் பெரிய விலங்கைவிட அதிகமாகச் செலவழிக்கிறது என்பதை மாக்ஸ் கிளைபர் 1932இலேயே ஒரு விதியாகத் தந்துவிட்டார். மொத்த ஆற்றல் செலவு உடல் எடையின் முக்கால் அடுக்கில் உயர்கிறது என்பது அவருடைய விதி. அதன்படி, ஒரு கிலோவுக்கான செலவு எடையின் கால் அடுக்கில் குறையும்.

இங்கே குரங்கு சிட்டைவிட ஏறத்தாழ 1,550 மடங்கு கனமானது. 1,550இன் நான்காம் மூலம் 6.3. எனவே, உணவு, பறத்தல், குடல் ஆகிய எதையும் பார்க்காமல், அளவை மட்டும் வைத்தே ஆறு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாட்டை எதிர்பார்க்கலாம். மீதமிருப்பது ஏறத்தாழ மூன்று மடங்குதான். விளக்கம் தேவைப்படுவது அந்த மூன்றுக்கே. இருபது என்ற எண் கண்ணைக் கவர்கிறது, அவ்வளவுதான்.

அந்த மூன்றிலும் ஒரு பகுதி பறவை என்பதாலேயே வந்துவிடும். விழித்திருக்கும் ரீங்காரச்சிட்டின் உடல் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் இயங்குகிறது. குரங்கின் உடல் வெப்பம் நம்முடையதை ஒத்தது. இதற்கு மேல், ஒரே இடத்தில் அந்தரத்தில் நின்று பறப்பதன் விலை இருக்கிறது. அப்படி நிற்கும்போது ஒரு ரீங்காரச்சிட்டு ஒரு கிராம் உடல் எடைக்கு ஒரு மணி நேரத்தில் 40 மில்லிலிட்டர் அளவுக்கு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது. உச்சப் பயிற்சி பெற்ற ஓட்ட வீரர் தம் முழு வேகத்தில் பயன்படுத்துவது இதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. பறக்கும் தசையின் இழைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கன அளவை, ஆற்றலை உருவாக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா மட்டுமே நிரப்பியிருக்கின்றன. இத்தகைய தசையை வைத்திருக்கும் விலங்கை, கிளையில் படுத்துக் கிடக்கும் விலங்கோடு வைத்துப் பார்த்துவிட்டு, வேறுபாட்டைக் குடலின் கணக்கில் எழுதுவது பொருந்துமா?

கானகவாசி எழுதியது:

ஆறு மடங்கைக் கழிக்க வேண்டும் என்பதை முழு மனதுடன் ஏற்கிறேன். ஆனால் ஒரு திருத்தம் வேண்டும். கிளைபரின் விதி பல உயிரினங்களின் சராசரியிலிருந்து வந்தது; அதுவும் ஓய்வில் இருக்கும் உடலுக்குரியது. காட்டில் திரியும் விலங்கின் முழு நாள் செலவுக்கு அதைப் பயன்படுத்தும்போது, கிடைக்கும் 6.3ஐத் துல்லியமான எண்ணாகக் கொள்ளாமல் ஒரு வரம்பாகவே கொள்ள வேண்டும்.

மீதமுள்ள மூன்று மடங்கைப் பற்றித்தான் நம் உரையாடல் என்று வைத்துக்கொள்வோம். பறக்கும் தசை இருப்பதால் சிட்டு அதிகம் செலவழிக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அது நாள் முழுவதும் பறந்துகொண்டிருக்க வேண்டும் அல்லவா?

தேன்மொழி எழுதியது:

இந்த இடத்தில் நான் குறுக்கிட வேண்டும், ஏனெனில் கானகவாசி கேட்ட கேள்விக்கு அளந்து சொல்லப்பட்ட விடை இருக்கிறது. ரீங்காரச்சிட்டு நாள் முழுவதும் பறப்பதில்லை. பகல் பொழுதின் நான்கில் மூன்று பங்கை அது கிளையில் உட்கார்ந்தே கழிக்கிறது. பூவுக்கு வந்து ஒரு நிமிடத்திற்கும் குறைவாகக் குடித்துவிட்டு, சில நிமிடங்கள் அசையாமல் அமர்ந்திருக்கும். பிறகு மீண்டும் வரும். இவ்வளவு வேகமாகச் செலவழிக்கும் பறவை ஏன் பொழுதை இப்படி வீணாக்குகிறது என்பது நீண்ட காலம் புதிராகவே இருந்தது. சேமிப்புக்காக ஓய்வெடுக்கிறது என்று சொல்லிப் பார்த்தார்கள்.

1986இல் ஜாரெட் டயமண்ட், வில்லியம் காரசோவ் முதலியோர் அதன் செரிமானத்தை அளந்து பார்த்தார்கள். குடித்த தேன் முதலில் கழுத்தின் அடியிலுள்ள தீனிப்பையில் தங்குகிறது. அதில் பாதி காலியாவதற்கு ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் ஆகின்றன. தீனிப்பையில் இடம் இல்லாதபோது பூவுக்குப் போய்ப் பயனில்லை. போனால் பறந்த செலவுதான் மிஞ்சும். ஆகவே அது உட்கார்ந்திருப்பது சோம்பலாலும் அன்று, களைப்பாலும் அன்று. குடல் இடம் விடுவதற்காகக் காத்திருக்கிறது. அந்தக் குடலும் மந்தமானது இல்லை. குளுக்கோஸை உறிஞ்சும் வேகத்தில் முதுகெலும்புள்ள விலங்குகளில் அப்போது அளக்கப்பட்ட எதையும்விட அது உயர்ந்திருந்தது. குடித்த சர்க்கரையில் ஏறத்தாழ முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. உலகின் மிக விரைவான குடல்களில் ஒன்றை வைத்துக்கொண்டும் அது காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஊளைக்குரங்கின் பக்கம் வாருங்கள். பாரோ கொலராடோ தீவில் மில்டன் கணக்கிட்டபடி அது பகலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஓய்வெடுக்கிறது. உண்ட இலை அதன் குடலைக் கடக்க ஏறத்தாழ இருபது மணி நேரம் ஆகிறது. இலையின் நார்ச்சத்தை உடைக்கும் நொதி எந்தக் குரங்குக்கும் இல்லை. சீக்கம் என்னும் குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் வாழும் நுண்ணுயிர்கள்தாம் அதை நொதிக்க வைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. குரங்கின் அன்றாட ஆற்றல் தேவையில் மூன்றில் ஒரு பங்கு வரை இந்த அமிலங்களிலிருந்து கிடைக்கக்கூடும் என்று மில்டனும் மெக்பீயும் 1983இல் காட்டினார்கள். நொதித்தலை விரைவுபடுத்த குரங்கால் இயலாது. வயிறு நிறைந்த பிறகு இன்னும் உண்ண இடமில்லை. இடமில்லாதபோது அலைவதில் பொருளில்லை.

இவ்வளவு வேறுபட்ட இரு விலங்குகளும் பொழுதின் பெரும்பகுதியைக் குடலுக்காகக் காத்திருந்தே கழிக்கின்றன என்பதைத்தான் இந்த ஒப்பீட்டின் மிகப் பெரிய பயனாக நான் பார்க்கிறேன். ஒன்று நிமிடக் கணக்கில் காத்திருக்கிறது, மற்றொன்று மணிக் கணக்கில். மலைச்சாரல் சொல்லும் தசை உண்மைதான். ஆனால் அந்தத் தசைக்கு எரிபொருள் எவ்வளவு விரைவாக வந்து சேரும் என்பதைக் குடலே முடிவு செய்கிறது. குடித்து அரை மணி நேரம் ஆவதற்குள் சிட்டின் பறக்கும் தசை, உடலில் இருந்த கொழுப்பை விட்டுவிட்டு, சற்று முன் குடித்த சர்க்கரையையே ஏறத்தாழ முழுமையாக எரிக்கத் தொடங்கிவிடுகிறது. வேறெந்த முதுகெலும்பி விலங்கிலும் இவ்வளவு நேரடியான இணைப்பைக் காண்பது அரிது.

இளவேனில் எழுதியது:

தேன்மொழி அக்காவுக்கு வணக்கம். நான் முதுகலை மாணவி. இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது, நம் வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்தியில் வந்து தேன் குடிக்கும் தேன்சிட்டுகளுக்கும் இதே கணக்கு பொருந்துமா? பலர் அவற்றை ஹம்மிங் பறவை என்றே படம் போடுகிறார்கள். இரண்டாவது, இலைதான் காடு முழுவதும் நிறைந்திருக்கிறதே. ஊளைக்குரங்கு உட்கார்ந்த இடத்திலேயே வேண்டியதை உண்டுகொள்ளலாம் அல்லவா? அது ஏன் மரம் விட்டு மரம் நகர்கிறது?

தேன்மொழி எழுதியது:

அன்புத் தங்கை இளவேனிலுக்கு, முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை தருகிறேன். ரீங்காரச்சிட்டுகள் இன்று அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை ஒட்டிய தீவுகளிலும் மட்டுமே வாழ்கின்றன. நம் தேன்சிட்டுகள் முற்றிலும் வேறு குடும்பம். உறவின்படி பார்த்தால் அவை காக்கைக்கும் சிட்டுக்குருவிக்கும் நெருக்கமானவை, ரீங்காரச்சிட்டுகளோ உழவாரன்களுக்கு நெருக்கமானவை. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பிலோ கிளையிலோ அமர்ந்தே குடிக்கும். அந்தரத்தில் நிற்பது அதற்குச் சில நொடிகளே இயலும். எனவே செலவுக் கணக்கு அப்படியே பொருந்தாது.

இரண்டாவது கேள்வி மிக நல்ல கேள்வி. காடு பச்சையாக இருப்பதால் உணவு நிறைந்திருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. மரங்கள் அப்படி விட்டுவைப்பதில்லை. முற்றிய இலையில் நார் கூடிவிடுகிறது, புரதம் குறைந்துவிடுகிறது, டானின், ஆல்கலாய்டு போன்ற துவர்ப்பும் நஞ்சுமான பொருள்களும் சேர்ந்துவிடுகின்றன. நம் ஊரில் உயிர்வேலியாகவும் பசுந்தாள் உரத்துக்காகவும் வளர்க்கும் கிளைரிசிடியா மரம் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அங்கே அதன் இலையையும் பட்டையையும் எலி நஞ்சாகப் பயன்படுத்துவார்கள். கோஸ்டாரிக்காவில் ஊளைக்குரங்குகளை ஆராய்ந்த கென்னத் கிளாண்டர், ஒரே வகை மரங்கள் பல இருந்தாலும் குரங்குகள் அவற்றில் குறிப்பிட்ட சில மரங்களின் இலையை மட்டுமே உண்டன என்பதைக் கவனித்தார். கிளைரிசிடியா மரங்களிலும் அப்படித்தான். பக்கத்திலிருந்து பார்த்தால் குரங்கு ஒரு கொத்தை இழுத்து, முகர்ந்து, இளந்தளிரை மட்டும் வாயில் போட்டுக்கொள்கிறது. சில மரங்களில் இலைப்பரப்பை அப்படியே கீழே விட்டுவிட்டுக் காம்பின் சதைப்பற்றான பகுதியை மட்டும் மென்று தின்கிறது. குரங்குக் கூட்டம் உண்டு போன மரத்தடியில் இப்படிக் கழிக்கப்பட்ட இலைகள் நிறையக் கிடக்கும்.

தளிர் எந்த மரத்தில் எப்போது விடும் என்பது ஒரே சீராக இருப்பதில்லை. ஆகவே நகர்ந்தாக வேண்டும். ஆனால் நகர்வதற்கான ஆற்றலும் குறைவு. ஊளைக்குரங்கின் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் நடக்கிறது.

மலைச்சாரல் எழுதியது:

தீனிப்பை பற்றிய விளக்கத்திற்கு நன்றி. குடல் ஒரு வரம்பு என்பதை ஏற்கிறேன். ஆனால் அது மட்டுமே காரணம் என்பதை இன்னும் ஏற்கவில்லை. காரணமும் விளைவும் எது என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. அதிகம் செலவழிக்கும் தசை முதலில் வந்து குடலை விரைவாக்கியதா, விரைவான குடல் முதலில் வந்து தசைக்கு வழிவிட்டதா?

இதற்கு ஒப்பீட்டை வேறு இடத்தில் வைத்துப் பார்க்கலாம். ஊளைக்குரங்கு வாழும் அதே தீவில் சிலந்திக் குரங்கும் வாழ்கிறது. எடையும் ஏறத்தாழ ஒன்றே. சிலந்திக் குரங்கு பழுத்த பழத்தையே பெரும்பாலும் உண்கிறது. உணவு அதன் குடலை ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. அதன் கூட்டம் சுற்றும் பரப்பு ஊளைக்குரங்குக் கூட்டத்தின் பரப்பைவிடப் பல மடங்கு பெரியது. மில்டன் தரும் கணக்கின்படி சிலந்திக் குரங்கின் மூளை ஏறத்தாழ 107 கிராம், ஊளைக்குரங்கின் மூளை ஏறத்தாழ 50 கிராம். சிதறிக் கிடக்கும் பழ மரங்களை நினைவில் வைத்திருக்கும் தேவையே அந்த மூளையை வளர்த்தது என்பது அவருடைய வாதம். குடலும் உணவும் நினைவும் சேர்ந்தே நகர்ந்திருக்கின்றன. ஒன்றைத் தனியே பிரித்து முதற்காரணமாக நிறுத்த முடியவில்லை.

கானகவாசி எழுதியது:

மலைச்சாரல் அவர்கள் மூளையைக் கொண்டுவந்தது நல்லதாயிற்று, ஏனெனில் அங்கே சிட்டு நமக்கு உதவுகிறது. சர்க்கரைத் தேனும் பழத்தைப் போலவே சிதறிக் கிடக்கும் உணவு. அதோடு, ஒரு முறை குடித்த பூவில் மீண்டும் தேன் ஊற நேரமாகும். கனடாவின் ராக்கி மலையில் செம்பழுப்பு ரீங்காரச்சிட்டுகளை ஆராய்ந்த சூசன் ஹீலி, ஆண்ட்ரூ ஹர்லி ஆகியோரின் குழு, எந்தப் பூவில் தேன் இருந்தது, எந்தப் பூவைக் குடித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக்கூட அவை நினைவில் வைத்திருந்ததைச் செயற்கைப் பூக்களைக் கொண்டு காட்டியது. பத்து நிமிடத்தில் நிரம்பும் பூவுக்கு விரைவாகவும், இருபது நிமிடத்தில் நிரம்பும் பூவுக்குத் தாமதித்தும் அவை திரும்பி வந்தன. இட நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதி, முன்மூளையோடு ஒப்பிடும்போது, அதுவரை ஆராயப்பட்ட மற்ற பறவைகளைவிட ரீங்காரச்சிட்டுகளில் இரண்டு முதல் ஐந்து மடங்கு பெரியதாக இருப்பதை 2012இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

எனவே என் வாதத்தைச் சற்றுத் திருத்தி இப்படி வைக்கிறேன்: உணவு எவ்வளவு செறிவானது, எவ்வளவு சிதறியிருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்தே குடலையும் தசையையும் நினைவையும் வடிவமைத்திருக்கின்றன. இரு வகைக் குரங்குகளுக்குள் நாம் பார்த்த வேறுபாடும், குரங்குக்கும் சிட்டுக்கும் இடையில் பார்க்கும் வேறுபாடும் ஒரே திசையில் போகின்றன. வெவ்வேறு வகுப்பைச் சேர்ந்த விலங்குகளை ஒப்பிடுவதில் எனக்குள்ள ஆர்வத்திற்கும் இதுவே காரணம்.

நொய்யல் எழுதியது:

பெரியவர்களின் உரையாடலை ஆர்வத்துடன் படித்து வருகிறேன். உணவைத் தேர்ந்தெடுக்கும் புலன்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பறவைகளின் முன்னோர், பாலூட்டிகள் இனிப்பை உணரப் பயன்படுத்தும் டி1ஆர்2 என்ற மரபணுவை இழந்துவிட்டார்கள். அதனால்தான் கோழி சர்க்கரையைப் பொருட்படுத்துவதில்லை. ரீங்காரச்சிட்டுகளோ, மற்ற விலங்குகளில் அமினோ அமிலச் சுவையை உணரும் ஏற்பியையே மாற்றிச் சர்க்கரையை உணரப் பழக்கிக்கொண்டன. மாட் பால்ட்வினும் சக ஆய்வாளர்களும் இதை 2014இல் வெளியிட்டார்கள். குரங்குக்கு அந்த இழப்பு நேரவில்லை.

நிறத்தில் இன்னும் வியப்பு இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகளில் பெரும்பாலானவற்றில் ஆண் குரங்குகள் அனைத்தும் சிவப்பையும் பச்சையையும் பிரித்துணர இயலாதவை. ஊளைக்குரங்கில் மட்டும் ஆண், பெண் இரண்டுக்கும் நம்மைப் போன்ற முழு மூவண்ணப் பார்வை உண்டு என்று 1996இல் கண்டறிந்தார்கள். வெப்பமண்டல மரங்கள் பலவற்றின் தளிர் செம்மை படர்ந்திருக்கும் என்பதை, மாந்தளிரைப் பார்த்திருக்கும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பச்சைக்கு நடுவே தளிரைக் கண்டுபிடிக்க அந்தப் பார்வை உதவியிருக்கலாம் என்று கருதுகிறார்கள். ரீங்காரச்சிட்டின் கண்ணில் நிறத்தை உணரும் கூம்பணுக்களில் நான்காவது வகையும் உண்டு. புற ஊதாவும் பச்சையும் கலந்த நிறத்தைத் தனிப் பச்சையிலிருந்து அது பிரித்தறிகிறது என்று 2020இல் கொலராடோ மலைப்பகுதியில் நடந்த சோதனைகள் காட்டின.

என் கேள்வி குரலைப் பற்றியது. ஆற்றலை இவ்வளவு சிக்கனமாகக் கையாளும் குரங்கு, கிலோமீட்டர் தொலைவுக்கு அப்பாலும் கேட்கும்படி விடியற்காலையில் ஊளையிடுகிறதே. அது செலவு இல்லையா?

தேன்மொழி எழுதியது:

நொய்யல் தம்பியின் கேள்விக்கு: செலவுதான், ஆனால் மாற்று வழியைவிடக் குறைந்த செலவு. இரு கூட்டங்கள் ஒரே பழ மரத்தடியில் எதிர்ப்பட்டுத் துரத்தியும் கடித்தும் தீர்த்துக்கொள்வதை, உட்கார்ந்த இடத்திலிருந்தே குரலால் தீர்த்துக்கொள்கின்றன என்று கிளாரன்ஸ் ரே கார்பென்டர் 1930களில் இதே தீவில் செய்த ஆய்விலிருந்து தொடர்ந்து பேசப்பட்டு வருகிறது. தொண்டையிலுள்ள நாவடி எலும்பு குமிழாக விரிந்து, காற்றறையைத் தாங்கி, ஒலியை ஆழமாக்குகிறது. அந்த உறுப்பு இருப்பதால் 7 கிலோ விலங்கு பன்மடங்கு பெரிய விலங்கின் குரலைப் பெறுகிறது.

அன்னா ரீங்காரச்சிட்டின் ஆண் இதற்கு நேர் எதிரான வழியை எடுக்கிறது. பெண்ணின் முன்னால் முப்பது மீட்டர் அளவுக்கு உயரே ஏறி, தலைகீழாகப் பாய்ந்து, அடியில் திடீரென மேலெழுகிறது. அந்தப் பாய்ச்சலின் உச்ச வேகம் நொடிக்கு 27 மீட்டர். உடல் நீளத்தில் சொன்னால் நொடிக்கு 385 உடல் நீளம் என்று கிறிஸ்டஃபர் கிளார்க் 2009இல் கணக்கிட்டார். மேலெழும் இடத்தில் புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்குக்கு அருகிலான விசையை அது தாங்குகிறது. அந்த நொடியில் கேட்கும் கூர்மையான கீச்சொலி தொண்டையிலிருந்து வருவதில்லை. விரித்த வாலின் ஓர இறகுகள் காற்றில் அதிர்வதால் எழுகிறது. குரங்கு அசையாமல் ஒலிக்கிறது, சிட்டு உடல் முழுவதையும் ஒலிக்கருவியாக்குகிறது. இரண்டுமே அவற்றின் ஆற்றல் நிலைக்கு ஏற்றவை என்று நினைக்கிறேன்.

மலைச்சாரல் எழுதியது:

ஒரு செய்தியை நாம் இன்னும் தொடவில்லை: 32 கிலோஜூல் என்பது பகலும் இரவும் சேர்ந்த கணக்கு. ஒரு கிராம் சர்க்கரையில் 16.5 கிலோஜூல் என்று கொண்டால், சிட்டுக்கு நாளொன்றுக்கு 2 கிராம் சர்க்கரை வேண்டும். தேனில் ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை இருந்தால் 10 கிராம் தேன் குடிக்க வேண்டும், அதாவது தன் எடையைப் போல இரு மடங்கு. இரவில் பூவும் இல்லை, குடிக்கவும் இயலாது. ஆகவே குளிரும் பசியும் சேரும் இரவுகளில் சிட்டு உடல் வெப்பத்தையே தணித்து மந்த உறக்கத்திற்குள் போகிறது. பெருவின் ஆண்டிஸ் மலையில் வாழும் ஒரு ரீங்காரச்சிட்டின் உடல் வெப்பம் இரவில் 3.3 டிகிரி செல்சியஸுக்கே இறங்கியதை 2020இல் பதிவு செய்தார்கள். ஊளைக்குரங்குக்கு அந்த வழி இல்லை. அதற்குத் தேவையும் நேர்ந்ததில்லை, ஏனெனில் இரவிலும் அதன் குடலில் நொதித்தல் நடந்துகொண்டே இருக்கிறது. சிக்கனமான விலங்கு இரவைச் சீராகக் கடக்கிறது, செலவாளியான விலங்கு அத்தகைய இரவுகளில் தன் உடலின் இயக்கத்தைத் தணித்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. குடல் பற்றிய கானகவாசியின் வாதத்தில் என்னை மிகவும் அசைத்தது இந்த இரவுக் கணக்குதான்.

இளவேனில் எழுதியது:

சிக்கனமாக வாழும் விலங்குதான் கடினமான காலத்தில் பிழைத்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்ளலாமா, ஐயா? 2024 மே மாதம் மெக்சிகோவின் டபாஸ்கோ மாநிலத்தில் இதே போர்வை ஊளைக்குரங்குகள் வெப்பத்தால் மரத்திலிருந்து விழுந்து இறந்த செய்தியைப் படித்த பிறகு எனக்கு அப்படிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

கானகவாசி எழுதியது:

தயங்குவது சரியே, இளவேனில். அந்த மாதம் அங்கே வெப்பம் 45 டிகிரியை எட்டியது. நூற்றுக்கும் மேற்பட்ட குரங்குகள் இறந்தன. உயிரோடு விழுந்தவற்றை அவ்வூர் மக்கள் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார்கள். பனிக்கட்டி வைத்தும் நீரேற்றியும் சிலவற்றைக் காப்பாற்றினார்கள்.

கிலோவுக்கு 355 கிலோஜூல் என்ற அந்தச் சிக்கனம் நிழலும் தளிரும் உள்ள காட்டில் அளக்கப்பட்டது என்பதை நாம் மறக்கக் கூடாது. ஊளைக்குரங்கு தனக்கு வேண்டிய நீரில் பெரும்பகுதியை இளம் இலையிலிருந்தும் பழத்திலிருந்தும் பெறுகிறது. மீதியை மரப்பொந்தில் தேங்கிய நீரிலிருந்து குடிக்கிறது. வறட்சியில் தளிரும் இல்லை, பொந்தும் காய்ந்துவிடும். குடலில் நடக்கும் நொதித்தலும் தன் பங்குக்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. குரங்கு செய்யக்கூடியது கைகால்களைத் தொங்கவிட்டுக் கிளையின் மேல் படுத்திருப்பதுதான். சுற்றிலும் காடு அழிந்து மேய்ச்சல் நிலமாகிவிட்ட இடத்தில், அடுத்த மரத்தோப்புக்குப் போக வேண்டுமானால் தரையில் இறங்கி வெயிலில் நடக்க வேண்டும்.

அன்னா ரீங்காரச்சிட்டுக்கு நாள்தோறும் இரு மடங்கு எடைத் தேன் வேண்டும் என்றாலும், அது கிடைக்கும் இடத்திற்குப் பறந்து போய்விட முடிகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவையும் பாகா கலிஃபோர்னியாவின் வட பகுதியையும் தாண்டாமல் இனப்பெருக்கம் செய்துவந்த அந்தப் பறவை, மனிதர்கள் நட்ட யூக்கலிப்டஸ் முதலிய பூக்களையும், வீடுகளில் தொங்கவிடும் சர்க்கரை நீர்க் குடுவைகளையும் பற்றிக்கொண்டு, அந்த நூற்றாண்டுக்குள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வரை பரவிவிட்டது. ஒரு நாளைக்கு ஆகும் செலவைவிட, உணவு தீர்ந்தால் அடுத்த இடத்திற்குப் போகும் செலவு எவ்வளவு என்பதே இங்கே பிழைப்பைத் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கில் குரங்கே பலவீனமானது. கோஸ்டாரிக்காவில் சாலைகளுக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டுவதும், குரங்குகள் பற்றிக்கொண்டு கருகிவிடாமல் மின்கம்பிகளுக்கு உறையிடுவதும் இந்தக் காரணத்தால்தான்.